கூரை மாறும் வயது – 9: எட்டாத டம்ளர்

போன வாரம் இங்கிலாந்தில் முதியோர் இல்லத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தேன். 23,250 பவுண்டுக்கு மேல் சொத்து இருந்தால் முழுச் செலவும் அவரவர் தலையில்தான், அதற்காகப் பலர் குடியிருந்த வீட்டையே விற்கிறார்கள் என்பதைப் படித்துவிட்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தபால் அட்டையில் ஒரே வரி எழுதியிருந்தார்: “வீட்டை விற்ற காசை வாங்கிக்கொண்டு ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார்களா என்று யார் பார்ப்பது?”

பார்ப்பதற்கு ஓர் ஆணையம் இருக்கிறது. கேர் குவாலிட்டி கமிஷன். 2009 ஏப்ரலில் வேலையைத் தொடங்கியது. மருத்துவமனை, பல் மருத்துவர், முதியோர் இல்லம் எல்லாம் இதன் கண்ணுக்குக் கீழே. இதில் பதிவு செய்யாமல் அங்கே யாரும் இப்படி ஓர் இல்லம் நடத்த முடியாது. அந்த நாட்டில் முதியோர் இல்ல வாசலில் நின்று ‘சி.க்யூ.சி.’ என்ற மூன்று எழுத்தைச் சொன்னால் போதும், உள்ளே நடை வேகம் மாறிவிடும்.

இதை எனக்குச் சொன்னது என் ஒன்றுவிட்ட அண்ணன் மகள். நாகர்கோவில்காரி. 2022 பிப்ரவரியில் பிரிட்டன் அரசு முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டவரை அழைக்க விசாக் கதவைத் திறந்தபோது போனவர்களில் ஒருத்தி. இங்கே நர்சிங் படித்தவள், அங்கே ‘கேரர்’. குளிப்பாட்டுவது, உடுத்துவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது. எந்த ஊர், எந்த இல்லம் என்று எழுதக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசினாள்.

“காலைல ஆறரை மணி சித்தப்பா. பெல் அடிக்குது. யாரோ பால்காரன்னு நெனச்சுக் கதவைத் திறந்தா, கழுத்துல கார்டு போட்ட ரெண்டு பேரு. ப்ளஸ் டூ ரிசல்ட் அன்னைக்கு வயித்துக்குள்ள என்ன செஞ்சுதோ, அதேதான்.”

முன்கூட்டிச் சொல்லாமல் வருவதுதான் அவர்கள் வழக்கம். ஆனால் எதற்கு ஆறரை மணிக்கு? எனக்கும் முதலில் புரியவில்லை. பத்து மணிக்கு வந்தால் எல்லோரும் குளித்து, உடுத்தி, கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். அந்த அழகுக்காக எத்தனை பேரைக் காலை ஐந்து மணிக்கு எழுப்பினார்கள் என்பது பத்து மணிக்கு வருகிறவருக்குத் தெரியாது. பகல் ஷிஃப்டுக்கு வேலை குறையட்டும் என்று இரவு ஷிஃப்டே பாதிப் பேரை எழுப்பி உடுத்தி நாற்காலியில் சாய்த்துவிடும் பழக்கம் சில இல்லங்களில் உண்டு. தொண்ணூறு வயதில், வெளியே இருட்டாக இருக்கும்போது, கோட்டும் சட்டையும் போட்டுக்கொண்டு நாற்காலியில் தூங்கி வழிகிற ஒருவரைப் பார்க்கத்தான் அந்த நேரத்து வருகை.

பிறகு பார்வை தொடங்குகிறது. முதலில் மூக்கு. தரைவிரிப்பில் ஊறிப்போன சிறுநீர் நாற்றத்தை எந்த வாசனைத் தெளிப்பானும் மறைக்காது. அடுத்தது மருந்து. யாருக்கு எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று குறிக்கும் தாளை அங்கே ‘மார் சார்ட்’ என்கிறார்கள். அதில் கையெழுத்தில்லாத ஒரு கட்டம் இருந்தால் கேள்வி எழும். மார்ஃபின் வகை மருந்துகள் தனிப் பூட்டறையில் இருக்கும், அதன் பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். மாடி ஜன்னல் நூறு மில்லிமீட்டருக்கு மேல் திறக்கக் கூடாது, யாரும் விழுந்துவிடாதபடி. குளியல் தொட்டிக் குழாயில் வெந்நீர் 44 டிகிரியைத் தாண்டக் கூடாது. நோயாளியைத் தூக்கும் இயந்திரத்தின் தொட்டில் துணி ஆளுக்கொன்று தனியாக இருக்கிறதா என்பது வரை போகும்.

இவற்றில் எனக்குப் பிடித்தது மெத்தைச் சமாச்சாரம். படுக்கைப் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை கொடுப்பார்கள். அதன் பம்ப்பில் படுத்திருப்பவரின் எடைக்கு ஏற்றபடி திருகி வைக்க வேண்டும். மெத்தையே இல்லாத இல்லத்தைக் கண்டுபிடிக்க ஆய்வாளர் தேவையில்லை, யாருக்கும் தெரியும். நல்ல ஆய்வாளர் குனிந்து பம்ப்பைப் பார்ப்பார். பிறகு எடைப் பதிவைப் புரட்டுவார். படுத்திருக்கும் பாட்டிக்கு நாற்பத்தைந்து கிலோ, பம்ப் தொண்ணூறில் நிற்கிறது என்றால் அந்த விலையுயர்ந்த மெத்தை பலகைக்குச் சமம். ஒரு பொருள் இருப்பது வேறு, அது அந்த ஆளுக்காக இருப்பது வேறு.

கோப்புகள் பற்றி எழுதினால் இந்த வாரம் முழுக்க அதுவே ஆகிவிடும். விழுந்தால் ஒரு படிவம், எடை குறைந்தால் ஒரு படிவம், இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்க வைத்ததற்கு ஒரு படிவம், குடித்த தண்ணீருக்கு ஒரு படிவம். பார்ப்பவருக்குக் கோப்பு சௌகரியமானது. எதைக் கேட்டாலும் பதில் சொல்லும்.

அங்கே வசிப்பவர்களைக் கேட்டால்?

எண்பத்தெட்டு வயதுப் பெண்மணியிடம் ஆய்வாளர் போய் உட்கார்ந்து, இங்கே எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். பெரும்பாலும் வரும் பதில், எல்லோரும் ரொம்ப நல்லவர்கள், குறை ஒன்றுமில்லை. உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கேட்டவர் சாயங்காலம் கிளம்பிவிடுவார். ராத்திரி மணி அடித்தால் வர வேண்டியவர்கள் இங்கேயே இருப்பார்கள். இது அந்தப் பெண்மணிக்குத் தெரியும். என் அம்மாவாக இருந்தால் ‘எனக்கென்ன, ராணி மாதிரி இருக்கேன்’ என்று சொல்லி, வந்தவருக்குக் காபி கொடுத்தீர்களா என்று விசாரித்திருப்பாள்.

இந்த ஆணையத்தின் வயதுவந்தோர் சமூகப் பராமரிப்புப் பிரிவுக்குத் தலைமை ஆய்வாளராக 2013-இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரியா சட்க்ளிஃப், தன் ஆய்வாளர்களுக்கு ஒரு கேள்வியைக் கொடுத்தார். இந்த இடம் என் அம்மாவுக்குப் போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘அம்மா சோதனை’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. கேட்கும்போது மனதைத் தொடுகிறது. ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம். ஆய்வாளரின் அம்மாவுக்குப் பிடித்தது இன்னொருவரின் அம்மாவுக்கும் பிடிக்கும் என்று யார் சொன்னது? மத்தியானம் பாட்டுப் போட்டு எல்லோரையும் கைதட்ட வைப்பது ஒரு அம்மாவுக்குக் கொண்டாட்டம், இன்னொரு அம்மாவுக்குத் தண்டனை.

சரி, வேலை பார்ப்பவர்களைக் கேட்கலாமே என்றால், அங்கே என் அண்ணன் மகள் உட்கார்ந்திருக்கிறாள்.

“தனியா ஒரு ரூம்ல கூப்பிட்டு வெச்சு, ‘இங்க ஏதாவது சரியில்லைன்னா பயமில்லாம சொல்ல முடியுதா’ன்னு கேட்டாங்க சித்தப்பா.”

“நீ என்ன சொன்ன மக்ளே?”

“முடியும்னு சொன்னேன்.”

கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. பிறகு அவளே விளக்கினாள். அவளுடைய விசா அந்த இல்லத்தின் பெயரில் இருக்கிறது. இல்லத்தை மூடிவிட்டாலோ, ஸ்பான்சர் உரிமம் போய்விட்டாலோ, புது வேலை தேட வழக்கமாகக் கொடுக்கும் அவகாசம் அறுபது நாள். 2024 மார்ச்சிலிருந்து இங்கிலாந்தில் கேரர்களை ஸ்பான்சர் செய்யும் முதலாளி சி.க்யூ.சி.யில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். 2025 ஜூலையோடு வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேரர்களை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஊரில் போட்ட கடன் இன்னும் பாக்கி. இப்படி இருக்கும்போது எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கிறவரிடம், மேலே இரவில் ஆள் போதவில்லை என்று எப்படிச் சொல்வாள்? சொன்னால் இல்லத்தின் மதிப்பு இறங்கும். இறங்கினால் புதியவர்கள் சேர மாட்டார்கள். சேராவிட்டால் இழுத்து மூடுவார்கள். அவள் இந்தக் கணக்கையெல்லாம் அந்த ‘முடியும்’ என்ற ஒரு சொல்லுக்கு முன்னால் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

ஆக, வசிப்பவர் சொல்ல மாட்டார், வேலை செய்பவர் சொல்ல முடியாது, கோப்பு மட்டும் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஆய்வாளருக்கு வேறு என்ன வழி? சும்மா உட்கார்ந்து பார்ப்பதுதான்.

இதை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியவர் பீட்டர் டவுன்சென்ட் என்ற சமூகவியலாளர். 1950-களின் கடைசியில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 173 முதியோர் இல்லங்களுக்கு நேரில் போனார். பழைய ஏழை விடுதிகளில் பல அப்போது பெயர்ப்பலகை மட்டும் மாறி முதியோர் இல்லங்களாகியிருந்தன; கட்டடமும் அதே, நடைமுறையும் ஏறக்குறைய அதே. டவுன்சென்ட் மேற்பார்வையாளரின் அறையில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புகிறவர் அல்ல. ஓர் இடத்தில் உதவியாளராகவே வேலைக்குச் சேர்ந்து, முதியவர்களைக் குளிப்பாட்டினார். வசதி, ஆள்பலம், சுதந்திரம் என்று பிரித்து இல்லங்களுக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்றையும் வகுத்தார். 1962-இல் ‘கடைசிப் புகலிடம்’ என்று பொருள்படும் தலைப்பில் புத்தகம் வந்தது. இன்றைய மதிப்பீடுகளுக்கெல்லாம் அதைப் பாட்டன் என்று சொல்லலாம்.

உட்கார்ந்து பார்ப்பதற்கும் ஒரு முறை வேண்டும் என்று யோசித்தவர் டாம் கிட்வுட். பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், 1998-இல் இறந்தார். ஞாபகம் கலைந்துபோன முதியவரிடம் பேட்டி எடுக்க முடியாது. ஆனால் அவர் முகம், கை, உடல் எல்லாம் பேசும் என்றார். அவர் தொடங்கிய வழியில், பிராட்ஃபோர்ட்காரர்களோடு சேர்ந்து ஆய்வாளர்களுக்கென்று ஒரு சுருக்க முறை உருவானது. ஆய்வாளர் சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் போய் உட்கார்ந்துகொள்வார். இரண்டு மூன்று பேரை மனதில் குறித்துக்கொள்வார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுவார்: இவர் முகம் மலர்ந்திருக்கிறதா, வாடியிருக்கிறதா, வெறிச்சென்று இருக்கிறதா? எதிலாவது ஈடுபட்டிருக்கிறாரா? அந்த நேரத்தில் ஊழியர் யாராவது அவரிடம் பேசினார்களா, பேசினால் எப்படி?

ஒரு மதியச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். ஊழியர் பின்னால் வந்து, ஒரு வார்த்தை சொல்லாமல், கழுத்தில் துணியைக் கட்டுகிறார். நின்றபடியே ஊட்டுகிறார். வலது கையால் இவருக்கு ஒரு வாய், இடது பக்கம் திரும்பி அவருக்கு ஒரு வாய். முந்தின வாய் விழுங்கும் முன் அடுத்த கரண்டி உதட்டருகே காத்திருக்கிறது. நடுவில் சக ஊழியரிடம் சனிக்கிழமை சந்தைக்குப் போன கதை. கேரட், பட்டாணி, இறைச்சி எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்த பழுப்புக் கூழ். தின்பது எது என்று தின்பவருக்கே தெரியாது. பக்கத்து மேஜையில் இன்னொரு ஊழியர். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணுக்குக் கண் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். கேரட் தனியாக, பட்டாணி தனியாக, இறைச்சி தனியாக மூன்று குவியல். “இது பட்டாணி” என்று சொல்லிவிட்டு, வாய் தானாகத் திறக்கும்வரை பொறுத்திருக்கிறார். இருவரும் ஒரே அளவு சாப்பாட்டைத்தான் ஊட்டினார்கள். கோப்பில் இருவருக்கும் ஒரே வரிதான் விழும்: ‘மதிய உணவு முழுவதும் உண்டார்.’

கிட்வுட் இந்த முதல் ரகத்துக்கு ஒரு பட்டியலே போட்டிருந்தார். முதியவரின் வேகத்தை மீறி அவசரப்படுத்துவது, இருக்கிறார் என்பதையே பொருட்படுத்தாமல் அவர் தலைக்கு மேல் பேசுவது, குழந்தையாக்கிப் பேசுவது. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. செய்கிறவர் பெரும்பாலும் கெட்டவரும் அல்ல என்று அவரே சொன்னார். அந்தப் பட்டியலில் ‘குழந்தையாக்குவது’ மட்டும் எனக்கு முழுச் சம்மதமில்லை. நம்மூரில் எண்பது வயதுக்காரரை ‘வாயத் தொறங்க தங்கம்’ என்று கூப்பிடும் ஆயாவின் குரலில் நான் பாசத்தையும் கேட்டிருக்கிறேன். ஆனால் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா, ஆஸ்பத்திரியில் ‘பாப்பா சமத்தா மாத்திரை முழுங்குமாம்’ என்று கேட்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன்.

இப்படி உட்கார்ந்து பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெஸ்ட் சசெக்ஸில் காப்தார்ன் என்ற ஊரில் இருந்த ‘ஆர்க்கிட் வியூ’ இல்லம் உதாரணம். சதர்ன் கிராஸ் என்ற பெரிய நிறுவனம் நடத்தியது. 2009-இல் திறந்தார்கள். புதுக் கட்டடம், ஓட்டல் மாதிரி தோற்றம். 2010-இல் சி.க்யூ.சி. அதற்கு ‘நன்று’ என்று மதிப்பிட்டிருந்தது. 2011-இல் இல்லம் மூடப்பட்டது. 2013-இல் 19 முதியவர்களின் மரணத்தை விசாரித்த அதிகாரி, அனைவருக்கும் கிடைத்த பராமரிப்பு தரக்குறைவானது என்றும், அவர்களில் ஐந்து பேரின் சாவுக்குப் புறக்கணிப்பும் காரணம் என்றும் முடிவு சொன்னார். விஷயம் போலீசுக்குப் போனது அங்கே நிர்வாகப் பணியில் இருந்த ஒரு பெண்ணால். மருந்துத் தாள்களைக் கிழித்துப் போடச் சொன்னார்கள் என்று அவர் சாட்சியம் சொன்னார். ‘நன்று’ என்று எழுதியவர்கள் பொய் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. எதைப் பார்த்து எழுதினார்கள் என்றுதான் கேட்கிறேன்.

அதற்குப் பிறகு முறையை மாற்றினார்கள். 2014-இலிருந்து ஐந்து கேள்விகள்: பாதுகாப்பு இருக்கிறதா, பலன் இருக்கிறதா, பரிவு இருக்கிறதா, அவரவர் தேவைக்கு வளைந்துகொடுக்கிறார்களா, நிர்வாகம் உருப்படியா. நான்கு மதிப்பு: மிகச் சிறப்பு, நன்று, மேம்பட வேண்டும், போதாது. இதை வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும் என்று 2015-இல் சட்டமே வந்தது. தாய் தகப்பனைச் சேர்க்கப் போகும் பிள்ளைகள் முதலில் பார்ப்பது இந்தத் தாளைத்தான். என்னைக் கேட்டால், அதில் பெரிய எழுத்தில் இருக்கும் சொல்லைவிடச் சின்ன எழுத்தில் இருக்கும் தேதியைப் பார்க்கச் சொல்வேன். மேலாளர் ஒருவர் மாறினால் ஆறு மாதத்தில் ஓர் இல்லம் தலைகீழாகும்.

அந்தத் தேதிகள் எவ்வளவு பழசு என்பது 2024-இல் சந்தி சிரித்தது. பென்னி டாஷ் என்ற மருத்துவரிடம் அரசு இந்த ஆணையத்தையே ஆய்வு செய்யச் சொன்னது. ஆய்வு செய்கிறவர்களை ஆய்வு செய்தார். ஐந்தில் ஓர் இடத்துக்கு ஒருமுறைகூட மதிப்பீடு செய்ததில்லை என்று தெரிந்தது. நடந்த ஆய்வுகளின் எண்ணிக்கை, கொரோனாவுக்கு முந்தைய கணக்கில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. முதியோர் இல்லத்தை ஆய்வு செய்யப் போகும் ஆய்வாளர்களிலேயே, ஞாபக மறதி நோய் உள்ள ஒருவரை வாழ்நாளில் சந்தித்திராதவர்கள் இருந்தார்கள். ஆணையம் இந்த வேலைக்கே லாயக்கில்லாமல் இருக்கிறது என்று சுகாதார அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். தபால் அட்டை எழுதிய ஆசிரியர் இதைப் படித்தால் அடுத்த அட்டையில் ‘அவர்களை யார் பார்ப்பது’ என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில்தான் டாஷ் அறிக்கை.

அன்று ஆறரை மணிக்கு வந்த இரண்டு பேரில் ஒருவருக்கு வேலை தெரிந்திருந்தது என்கிறாள் அண்ணன் மகள். மூத்த பெண்மணி. காலையில் கோப்புகளைப் புரட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. பதினோரு மணி வாக்கில் முதல் மாடியில், வாதத்தில் வலது பக்கம் விழுந்துபோன ஒரு பெரியவரின் அறையில் போய் உட்கார்ந்தார். அரை மணி நேரம். பேசினாரா என்று கேட்டேன். “பேசல சித்தப்பா. அவரோட சேர்ந்து ஜன்னல் வழியா பார்த்துட்டு இருந்தாங்க.”

பிறகு எழுந்து, பெரியவர் தண்ணீர் குடித்த கணக்குத் தாளைக் கேட்டார். எட்டு மணிக்கு 200 மில்லி, பத்து மணிக்கு 200 மில்லி, நேற்றும் அப்படியே, முந்தின நாளும் அப்படியே. எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. அவர் தாளைக் காட்டவில்லை, கட்டிலைக் காட்டினார். தண்ணீர் டம்ளர் கட்டிலின் வலது பக்க மேஜையில் இருந்தது. பெரியவருக்கு அசைகிற கை இடது கை. டம்ளர் விளிம்புவரை நிறைந்திருந்தது, மேலே லேசாகத் தூசு.

“அன்னைக்கு பத்து மணி கணக்கை எழுதினது யாரு?”

“நான்தான்,” என்றாள். “நான் ஒருத்தி, பதினாலு பேரு. எழுதிட்டு அப்புறமா போயி கொடுக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கீழ ஒருத்தங்க விழுந்துட்டாங்க.”

இல்லத்துக்கு ‘மேம்பட வேண்டும்’ என்று மதிப்பு வந்தது. மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார். ஆள் கூட்டவில்லை. டம்ளர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று மணிக்கொரு முறை பார்த்துக் கையெழுத்துப் போட, ஒவ்வொரு அறைக் கதவுக்குப் பின்னாலும் இப்போது ஒரு புதுப் படிவம் தொங்குகிறதாம்.